செயற்கைச் சூரியனும் நம்ம லேப் சுத்தியலும்

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"சூரியனைப் பூமிக்கே கொண்டு வரப் போறாங்களாம்ப்பா!" அணுக்கரு இணைவைப் பற்றி ஹாஸ்டலில் பேச்சு வந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும். 15 கோடி டிகிரி வெப்பம், அதைக் கட்டிப் போடும் காந்தப் புலம், கடல் நீரிலிருந்து எரிபொருள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஆனால் அந்தச் சூரியனைச் சுற்றி ஒரு சுவர் நிற்க வேண்டுமே, அதை எதில் செய்வது, எத்தனை வருஷம் விரிசல் விடாமல் நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. மெக்கானிக்கலும் மெட்டலர்ஜியும் படிக்கிற நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதற்கு விடை தேடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு சின்ன உலோகத் துண்டை எடுக்கிறார்கள். அதில் ஒரு நாட்ச் போடுகிறார்கள். சுத்தியலால் அடித்து உடைக்கிறார்கள். எவ்வளவு சக்தி செலவானது என்று டயலில் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஆமாம், நம்ம எஸ்.எம். லேபில் ஒரு மூலையில் நிற்கிறதே, அதே சார்ப்பி டெஸ்ட்தான்! பிரான்ஸ் நாட்டு ஜார்ஜஸ் சார்ப்பி 1901-இல் முறைப்படுத்திக் கொடுத்த சோதனை, நாளைய மின் நிலையத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் சோதனைகளில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

சுவருக்கு என்ன கஷ்டம்?

முதலில் இணைவைப் பற்றி நாலு வரி. ஹைட்ரஜனின் இரண்டு அண்ணன் தம்பிகள் டியூட்டிரியமும் டிரிட்டியமும். பயங்கர வெப்பத்தில் இரண்டும் மோதி ஒட்டிக்கொண்டால் ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். கிடைக்கும் சக்தி 17.6 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். அதில் 14.1 நியூட்ரானின் பங்கு, அதாவது 80 சதவீதம்.

இங்கிலாந்தின் கல்ஹம் ஊரில் 1983 முதல் 2023 வரை ஓடிய ஜெட் என்ற இயந்திரம், தன் கடைசி வருடத்தில் ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் இணைவு சக்தியை உண்டாக்கிக் காட்டியது. நம்ம வீட்டு மீட்டர் கணக்கில் சுமார் 19 யூனிட். அதைவிடப் பெரிய ஐட்டர் என்ற இயந்திரம் தெற்கு பிரான்சில் கதராஷ் என்னும் இடத்தில் கட்டப்பட்டு வருகிறது. இந்தியா உட்பட ஏழு தரப்புகள் சேர்ந்த கூட்டு முயற்சி. அதன் வெளிக் கூடான 3,850 டன் கிரையோஸ்டாட்டைச் செய்து கொடுத்தது இந்தியா.

பிளாஸ்மாவைக் காந்தப் புலம் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரைத் தொட விடாது. ஆனால் நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. காந்தம் அதை ஒன்றும் செய்ய முடியாது. அது நேராக வந்து சுவருக்குள் புகுந்துவிடும். "சரி, தடுத்துடலாமே?" என்றால் அதுவும் கூடாது. அந்த நியூட்ரானின் வெப்பத்தால்தான் நீராவி, அதனால்தான் மின்சாரம். லித்தியத்தில் அது பட்டால்தான் எரிபொருளான டிரிட்டியமே கிடைக்கும். ஆக, அடி வாங்குவதற்கென்றே பிறந்த சுவர் அது.

உலோகம் உடைவது எப்படி?

நம்ம யு.டி.எம். மெஷினில் மைல்ட் ஸ்டீல் கம்பியை இழுத்தால் என்ன ஆகும்? நீளும், இடுப்பு மெலியும், பிறகு கிண்ணமும் கூம்புமாகப் பிரியும். வார்ப்பிரும்பை இழுத்தால்? நீளவே நீளாது, 'டக்'கென்று ஒரே வெட்டாகப் போய்விடும். முதலாவது டக்டைல். இரண்டாவது பிரிட்டில். முதலாவது உடைவதற்கு முன் நமக்குத் தகவல் சொல்லும்; வளையும், தொங்கும், சத்தம் போடும். இரண்டாவது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இன்ஜினியருக்குப் பயம் இந்த இரண்டாவது ஆசாமியிடம்தான்.

விரிசல் ஏன் ஓடுகிறது என்பதை 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிரிஃபித் கண்ணாடியை உடைத்துப் பார்த்து விளக்கினார். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு கொடுப்பார். பிறகு இரண்டு கையால் இழுப்பார். 'டர்ர்ர்' என்று நேர்கோட்டில் கிழிந்துவிடும். வெட்டு இல்லாத துணியை அப்படி இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும்! வெட்டின் நுனியில் பலம் முழுதும் போய்க் குவிவதுதான் ரகசியம். விரிசல் கொஞ்சம் நீளும்போது பொருளில் தேங்கியிருந்த மீள்சக்தி விடுபடுகிறது. புது மேற்பரப்பு உண்டாக்கச் சக்தி செலவாகிறது. வரவு செலவைவிட அதிகமானால் விரிசல் தானாக ஓடும். கிரிஃபித் சொன்னது இந்தக் கணக்கைத்தான். 1950-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் இர்வின் இதை உலோகங்களுக்கு ஏற்றபடி விரித்து, விரிசலை எதிர்க்கும் தன்மைக்கு ஓர் அளவையே கொடுத்தார். அதுதான் ஃபிராக்சர் டஃப்னெஸ். அதன் அலகு கொஞ்சம் விசித்திரமானது, 'மெகாபாஸ்கல் ரூட் மீட்டர்'. விரிசலின் நீளத்துக்கு வர்க்கமூலம் எடுப்பதால் வந்த ரூட் அது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் துறைமுகத்தில் ஷெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான தண்ணீரில் கட்டிப் போட்டபடியே நடுவில் இரண்டாகப் பிளந்தது. புயலும் இல்லை, மோதலும் இல்லை. குளிர்கால இரவு, அவ்வளவுதான். அந்தப் போர்க்காலத்தில் வெல்டிங் செய்து கட்டிய பல கப்பல்களில் இப்படி விரிசல்கள் வந்தன. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் ஆராய்ந்து, குற்றவாளி வெல்டிங் மட்டும் அல்ல, குளிரில் அந்த ஸ்டீலே பிரிட்டிலாக மாறிவிடுகிறது என்று நிரூபித்தார். வெல்டிங்கின் பங்கு வேறு. ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் ஓடும் விரிசல் தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். வெல்டிங் செய்தால் கப்பல் முழுவதும் ஒரே தகடு மாதிரி. விரிசலுக்கு ராஜபாட்டை!

குளிர்ந்தால் ஏன் கோபம்?

ஒரே ஸ்டீலைப் பல வெப்பநிலைகளில் சார்ப்பி மெஷினில் உடைத்து கிராஃப் போட்டால் 'எஸ்' எழுத்து மாதிரி ஒரு வளைவு வரும். சூடாக இருக்கும்போது நிறையச் சக்தி உறிஞ்சும். குளிர்ந்தால் திடீரென்று விழும். விழுகிற அந்த இடம்தான் டக்டைல் பிரிட்டில் மாறு வெப்பநிலை. சுருக்கமாக மாறு வெப்பநிலை என்றே வைத்துக்கொள்வோம்.

காரணம் இதுதான். உலோகம் வளைகிறது என்றால் உள்ளே டிஸ்லொகேஷன்கள் நகர்கின்றன என்று பொருள். கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமுக்காளத்தை ஒரு அடி நகர்த்த வேண்டும் என்றால் முழுதாக இழுக்க மாட்டோம். ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போவோம். டிஸ்லொகேஷன் அந்தச் சுருக்கம் மாதிரி. பி.சி.சி. அமைப்பு உள்ள இரும்பு, டங்ஸ்டன் போன்றவற்றில் இது நகர அணுக்களின் வெப்ப அதிர்வு உதவ வேண்டும். குளிர்ந்தால் உதவி குறையும். ஜமுக்காளத்தில் ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், செம்பு, அலுமினியம் எல்லாம் எஃப்.சி.சி. ரகம். அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விரிசலின் நுனியில் எப்போதும் ஒரு போட்டி நடக்கிறது. 'வளைந்து கொடுக்கிறேன்' என்று ஒருவர், 'பிளந்துவிடுகிறேன்' என்று இன்னொருவர். எது குறைந்த ஸ்ட்ரெஸ்ஸில் நடக்குமோ அது ஜெயிக்கும். பிளப்பதற்குத் தேவையான ஸ்ட்ரெஸ் வெப்பநிலையால் பெரிதாக மாறாது. வளைவதற்குத் தேவையான ஈல்டு ஸ்ட்ரெஸ்ஸோ குளிரக் குளிர ஏறும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கீழே பிளப்புதான். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு இதுதான் சாவி.

நியூட்ரான் செய்யும் அட்டகாசம்

14 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் ஒரு இரும்பு அணுவை நேருக்கு நேர் மோதினால் அந்த அணுவுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் வரை கிடைக்கலாம். ஒரு இரும்பு அணுவை அதன் இடத்திலிருந்து பெயர்க்கச் சராசரியாக 40 எலெக்ட்ரான் வோல்ட் போதும். கேரம் போர்டில் முதல் ஸ்ட்ரைக்கில் காய்கள் சிதறுவது போல, அடிபட்ட அணு அடுத்ததை அடிக்க, அது இன்னொன்றை அடிக்க, கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஒரு சிறு கலவரமே நடந்து முடியும். பெரும்பாலான அணுக்கள் திரும்ப ஏதோ ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடும். சில காலி இடங்களும், நடுவில் சொருகிக்கொண்ட சில அணுக்களும் மிச்சமாகும்.

இந்தச் சேதத்தை டி.பி.ஏ. என்ற அளவால் சொல்கிறார்கள். 1 டி.பி.ஏ. என்றால் பொருளில் உள்ள ஒவ்வொரு அணுவும் சராசரியாக ஒரு தடவை இடம் பெயர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐட்டர் தன் ஆயுள் முழுவதிலும் தொடப் போவது ஒற்றை இலக்க டி.பி.ஏ.தான். அதற்கடுத்த டெமோ வகை நிலையங்களின் முன்சுவருக்கு முதல் கட்டத்தில் 20, பிறகு 50 என்று இலக்கு வைக்கிறார்கள். ஒவ்வொரு அணுவும் 50 தடவை பெயர்த்து உட்கார வைக்கப்பட்ட பிறகும் சுவர் நிற்க வேண்டும்! நம்ம ஊர் பில்டிங்கில் ஒரு செங்கலைப் பெயர்த்தாலே பயப்படுகிறோம்.

மிச்சமான குறைகள் கூட்டம் சேர்ந்து டிஸ்லொகேஷன்களின் வழியில் முள்வேலி போடுகின்றன. உலோகம் கடினமாகிறது. "கடினமானால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் அந்தச் சாவி. ஈல்டு ஸ்ட்ரெஸ் ஏறிவிட்டது. பிளக்கும் ஸ்ட்ரெஸ் அப்படியே இருக்கிறது. ஆகவே இரண்டு கோடும் வெட்டும் இடம் வலது பக்கம், அதாவது சூடான பக்கம் நகர்கிறது. முன்பு கடுங்குளிரில் மட்டும் பிரிட்டிலாக இருந்த ஸ்டீல் இப்போது அறை வெப்பநிலையிலேயே பிரிட்டில்.

இன்னொரு வில்லன் ஹீலியம். வேகமான நியூட்ரான் சில அணுக்களின் கருவையே உடைத்து ஹீலியத்தை உண்டாக்கும். இணைவு நிலையத்தின் முன்சுவர் ஸ்டீலில் 1 டி.பி.ஏ.-வுக்கு, பத்து லட்சம் அணுக்களுக்குச் சுமார் 10 ஹீலியம் அணு என்ற கணக்கில் சேரும். சாதாரண அணு உலையில் இந்த வகை ஸ்டீலில் சேர்வதைப் போல இது பல மடங்கு. ஹீலியம் யாரோடும் சேராத ஆசாமி. உலோகத்தில் கரையாது, கிரெய்ன் எல்லைகளில் போய்க் குமிழாகத் தங்கும். சிமெண்ட் இல்லாத செங்கல் சுவர் போல எல்லைகள் பலவீனமாகும்.

வெல்டர் நண்பர்கள் இதைக் கவனிக்கவும். பத்து லட்சத்துக்கு ஒரே ஒரு ஹீலியம் அணு இருந்தாலே கனமான ஸ்டீல் தகட்டை மறுபடி வெல்டிங் செய்வது சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. வெல்டிங் சூட்டில் குமிழ்கள் பெருத்து, வெல்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். "உடைஞ்சா ஒட்டிக்கலாம்" என்ற நம்ம ஒர்க்ஷாப் தத்துவம் அங்கே செல்லாது.

கல்பாக்கம் தந்த ஸ்டீல்

எஃப்.சி.சி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே போட்டுவிட்டால்? குறைந்த சேதம் உள்ள ஐட்டரில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பெரிய டோஸில் அது உப்பிவிடும். பிரிட்டனின் டவுன்ரே வேக உலையில் வைத்த ஸ்டீலுக்குள் நுண்ணிய வெற்றுக் குழிகள் இருப்பதை 1967-இலேயே கண்டார்கள். நிக்கல் இருப்பதால் ஹீலியமும் அதிகம்.

எனவே எல்லா நாடுகளும் வந்து சேர்ந்த இடம் 9 சதவீதம் குரோமியம் உள்ள பி.சி.சி. வகை ஸ்டீல். அதிலும் ஒரு நிபந்தனை: கதிரியக்கம் சீக்கிரம் அடங்க வேண்டும். மாலிப்டினம், நியோபியம் இரண்டும் வேண்டாம். நியோபியத்திலிருந்து பிறக்கும் ஒரு ஐசோடோப்பின் அரை ஆயுள் சுமார் 20,000 வருஷம்! மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன், நியோபியத்துக்குப் பதில் டாண்டலம். ஐரோப்பாவில் யூரோஃபர், ஜப்பானில் எஃப்82எச். நம் நாட்டில்? கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத் மிதானி மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்டீலை உருவாக்கின. 9 சதவீதம் குரோமியம், 1.4 சதவீதம் டங்ஸ்டன், 0.06 சதவீதம் டாண்டலம். டங்ஸ்டனை ஏற்றினால் சூட்டில் க்ரீப் தாங்கும், ஆனால் டஃப்னெஸ் குறையும். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் போகும் போர்வை மாதிரி! பல கலவைகளை உருக்கி, உடைத்துப் பார்த்துத்தான் 1.4 என்று முடிவு செய்தார்கள். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் நடந்த வேலை இது!

இந்த வகை ஸ்டீலுக்கு வாழத் தகுந்த வெப்பநிலை சுமார் 350 முதல் 550 டிகிரி வரை. மேலே போனால் க்ரீப். கீழே இருந்து கதிர் பட்டால் பிரிட்டில். 300 டிகிரி அருகே கதிர் பட்ட ஸ்டீலின் மாறு வெப்பநிலை 100 டிகிரிக்கும் அதிகமாக ஏறிவிடுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. நிலையம் ஓடும்போது சுவர் சூடாக இருக்கும், டக்டைலாகவே இருக்கும். ஆபத்து எப்போது? மெயின்டனன்ஸுக்காக ஷட்டவுன் செய்து, சுவர் ஆறி அறை வெப்பநிலைக்கு வரும்போது! ஓடும் வண்டியைவிட நிறுத்திய வண்டி பயமுறுத்தும் விநோதம் இது. அதனால்தான் மாறு வெப்பநிலை எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று இத்தனை பாடு.

குண்டு பல்பு சொல்லும் பாடம்

சுவரிலேயே அதிகச் சூடு படும் இடம் அடியில் உள்ள டைவெர்ட்டர். ஐட்டரில் அங்கே ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பம் விழும். சில நேரம் 20 வரை போகும். சித்திரை மாத உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட்தான். அதைப் போலப் பத்தாயிரம் மடங்கு! இதற்கு டங்ஸ்டன் கட்டிகளை வைக்கிறார்கள். உருகுநிலை 3,400 டிகிரிக்கும் மேல். கட்டியின் நடுவே செம்புக் கலவைக் குழாய். அதில் தண்ணீர் ஓடும்.

டங்ஸ்டன் என்றால் பழைய குண்டு பல்பின் இழை. பல மாதம் எரிந்த பல்பை லேசாகத் தட்டினாலே இழை அறுந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? சூட்டில் டங்ஸ்டனின் கிரெய்ன்கள் புதிதாக உருவாகிப் பெரிதாகிவிடும். அதற்கு ரீகிரிஸ்டலைசேஷன் என்று பெயர். பிறகு கிரெய்ன் எல்லையிலேயே விட்டுக்கொள்ளும். புதுசாக இருக்கும்போதே டங்ஸ்டனின் மாறு வெப்பநிலை சில நூறு டிகிரி. அறை வெப்பநிலையில் அது கண்ணாடிக்குத் தூரத்துச் சொந்தம்தான். பல்பு கம்பெனிகள் அந்தக் காலத்தில் கொஞ்சம் பொட்டாசியம் சேர்த்து இழையின் கிரெய்ன்களைக் கட்டுப்படுத்தின. அதே பொட்டாசியம் டங்ஸ்டனை இன்று இணைவு ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். பல்பு போனாலும் பாடம் போகவில்லை! இதோடு நியூட்ரான் பட்டு டங்ஸ்டனில் ஒரு பகுதி ரீனியமாக மாறி, உள்ளே கடினத் துகள்களாகப் படிவது வேறு ஒரு தலைவலி.

20 மெகாவாட்டில் நூற்றுக்கணக்கான தடவை சூடாக்கி ஆற்றினால் கட்டியின் மேலிருந்து நடு வரை விரிசல் விழுகிறது. ஆனால் அந்த விரிசல் செங்குத்தாக இருந்தால், வெப்பம் கீழே குழாய்க்குப் போகும் வழியை அது மறிப்பதில்லை. படுக்கையாக விழும் விரிசல்தான் மேல் பகுதியைத் தனியாகப் பிரித்து உருக வைத்துவிடும். விறகு எந்தத் திசையில் நார் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் பிளக்கும். அதே போல டங்ஸ்டனை அடித்து உருட்டும்போது உண்டாகும் நீண்ட கிரெய்ன்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி கட்டியை வெட்டுகிறார்கள். விரிசலைத் தடுக்க முடியாவிட்டால், அது போகும் வழியையாவது நாம் தீர்மானிக்கலாம் என்ற யுக்தி இது.

தீக்குச்சி அளவுத் துண்டும் பெரிய சுவரும்

நம்ம சார்ப்பி துண்டு 10-க்கு 10-க்கு 55 மில்லிமீட்டர். அணு உலைக்குள் கதிர் படும் இடம் குறுகலானது. கதிர் பட்ட துண்டும் கதிரியக்கத்தோடு வரும். கனமான ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, மானிபுலேட்டர் கையால் அந்தப் பக்கம் உள்ள துண்டை எடுத்து மெஷினில் வைத்து உடைக்க வேண்டும். துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. எனவே 3-க்கு 4-க்கு 27 மில்லிமீட்டர் சின்னச் சார்ப்பித் துண்டும், 10-க்கு 10-க்கு 4 மில்லிமீட்டர் மினி துண்டும் வந்தன. உடைந்த ஒரு சார்ப்பியின் பாதியிலிருந்தே இந்த மினி துண்டுகள் சிலவற்றை வெட்டி எடுக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அதில் சொத்தைக் கண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். தடித்த துண்டில் விரிசலின் முன்விளிம்பு நீளம். எங்கேயாவது ஒரு பலவீனமான புள்ளி சிக்கிவிடும். எனவே சின்னத் துண்டு எப்போதும் கொஞ்சம் பெருமை பேசும்! அதைத் திருத்த ஃபின்லாந்தின் கிம் வாலின் வகுத்த மாஸ்டர் கர்வ் முறை இருக்கிறது. 1997-இலிருந்து அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் விதியாகவும் உள்ளது. கணக்கு இதோ:

கிடைத்த டஃப்னெஸ்ஸில் 20-ஐக் கழிக்கவும். 'துண்டின் தடிமன் வகுத்தல் 25.4' என்பதன் நான்காம் மூலத்தால் பெருக்கவும். பிறகு 20-ஐக் கூட்டவும்.

4 மில்லிமீட்டர் துண்டில் 100 கிடைத்தது என்று வையுங்கள். 4 வகுத்தல் 25.4 என்றால் 0.157. அதன் நான்காம் மூலம் 0.63. ஆக 80 பெருக்கல் 0.63, கூட்டல் 20, விடை சுமார் 70. அதாவது மினி துண்டு "நான் நூறு" என்று சொன்னால், ஒரு அங்குலத் தடிமன் சுவர் "நான் எழுபதுதான்" என்கிறது. கால்குலேட்டரில் வர்க்கமூலப் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் போதும். நாமே போட்டுப் பார்க்கலாம்.

ஒரே ஒரு துண்டை உடைத்து முடிவு சொல்லவும் கூடாது. மாறு வெப்பநிலைப் பகுதியில் ஒரே கம்பியில் வெட்டிய துண்டுகளே ஆளுக்கொரு ரீடிங் கொடுக்கும். அது ஆபரேட்டர் தப்பு என்று நினைக்க வேண்டாம். பொருளின் குணமே அது. குறைந்தது ஆறு துண்டாவது சரியான ரீடிங் கொடுத்தால்தான் மாஸ்டர் கர்வ் போட முடியும். உடைத்த பிறகு முகத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சின்னச் சின்னக் குழிகளாக இருந்தால் டக்டைல். பளபளக்கும் தட்டை முகங்களில் ஆற்றின் கிளைகள் மாதிரி கோடுகள் ஓடினால் பிளவு. பளபளப்பைப் பார்த்து "இரும்பு கிரிஸ்டலாயிடுச்சு" என்று ஒர்க்ஷாப்பில் சொல்வது வழக்கம். இரும்பு எப்போதுமே கிரிஸ்டல்தான். இப்போது பிளந்ததால் அதன் முகம் வெளியே தெரிகிறது.

இதற்கெல்லாம் மேல் ஒரு குறை: மின் நிலையத்துக்கு ஈடான அளவில் 14 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களைப் பொழியும் சோதனைக்கூடம் உலகில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அதற்காக ஸ்பெயினில் கிரனடா அருகே டோன்ஸ் என்ற கூடத்தைக் கட்டி வருகிறார்கள். 40 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் டியூட்ரான்கள், 125 மில்லி ஆம்பியர் கரண்ட். பெருக்கிப் பாருங்கள், 5 மெகாவாட்! அந்தக் கற்றை, நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடும் திரவ லித்தியத் திரையில் விழுந்து நியூட்ரான்களைத் தெறிக்கும். கடும் கதிர் படும் இடமோ அரை லிட்டருக்கும் குறைவு. ஒரு சொம்புத் தண்ணீர் அளவு இடம்! சின்னத் துண்டுகளை ஏன் இத்தனை அக்கறையாகப் படிக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

பெரிய மெஷின், சாதாரணத் தப்பு

விரிசல் என்றாலே நியூட்ரான் என்று நினைத்துவிடக் கூடாது. ஐட்டர் இன்னும் ஓடவே இல்லை. ஆனாலும் 2022 நவம்பரில் ஒரு செய்தி சொன்னார்கள். குளிர்க் காந்தங்களை வெப்பத்திலிருந்து காக்கும் கவசத்தின் மேல் வெல்டிங் செய்து பதித்த குளிரூட்டும் குழாய்களில் விரிசல்! ஹீலியம் லீக் டெஸ்ட்டில் மாட்டியது. ஆழம் 2.2 மில்லிமீட்டர் வரை. காரணம்? குழாயை வளைத்ததாலும் வெல்டிங்காலும் தங்கிய ஸ்ட்ரெஸ் ஒரு பக்கம். வெல்டுக்குப் பக்கத்துச் சந்துகளில் மிச்சமிருந்த குளோரின் கலந்த அழுக்கு மறு பக்கம். இரண்டும் சேர்ந்தால் ஸ்ட்ரெஸ் கரோஷன். மூன்றாம் செமஸ்டர் பாடம்! விளைவு, 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே குழிக்குள் இறக்கி வைத்திருந்த ஒரு மாபெரும் பகுதியை 2023-இல் திரும்ப வெளியே தூக்கினார்கள். சரியாகக் கழுவாத ஒரு மூலை, உலகத்தின் மிகப் பெரிய இணைவு இயந்திரத்தைக் காத்திருக்க வைத்துவிட்டது.

சுவர் விரிசல் விட்டால் நிலையம் வெடித்துவிடுமா என்று கேட்டால், இல்லை. காற்றோ தண்ணீரோ உள்ளே புகுந்த மறு நொடி பிளாஸ்மா அணைந்துவிடும். ஆனால் உள்ளே மனிதன் போக முடியாது. ரோபோ கை மூலம் மாதக்கணக்கில் ரிப்பேர் பார்க்க வேண்டும். 12.3 வருஷ அரை ஆயுள் உள்ள டிரிட்டியம் வெளியே கசியாமல் காக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சுவரை மாற்ற வேண்டும் என்றால் அந்த மின்சாரத்தின் விலையை யார் கொடுப்பது? இணைவு மின்சாரம் சாதாரண ஜனங்களின் வீட்டுக்கு வருமா, பணக்கார நாடுகளின் கண்காட்சியாகவே நின்றுவிடுமா என்பதில் இந்தச் சுவரின் ஆயுளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நமக்கு இதில் என்ன?

"இதெல்லாம் பி.எச்.டி. ஆட்கள் சமாச்சாரம்" என்று ஒதுக்க வேண்டாம். துண்டை ஒயர் கட் மெஷினில் வெட்டுவது, நாட்ச்சின் 0.25 மில்லிமீட்டர் ஆரத்தைப் புரொஃபைல் புரொஜெக்டரில் சரிபார்ப்பது, வெல்டை அல்ட்ராசானிக்கில் தேடுவது, ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மானிபுலேட்டரைப் பிடிப்பது... இத்தனையும் டிப்ளமோ கைகள் செய்யும் வேலை. கல்பாக்கத்தில் டிப்ளமோ முடித்தவர்களை ஸ்டைபெண்டியரி டிரெய்னியாக எடுப்பது வெகு நாள் வழக்கம். விளம்பரம் வரும்போது பார்த்து விண்ணப்பியுங்கள்.

கடைசியாக ஒன்று. லேபில் சார்ப்பி ரீடிங் எடுக்காமல் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 'அதே வேல்யூ' எழுதும் பழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எல்லாருக்கும் ஒரே ரீடிங் வந்திருந்தால் அதுதான் சந்தேகத்துக்கு உரியது என்பதை இப்போது தெரிந்துகொண்டோம். அடுத்த தடவை உடைந்த துண்டைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறமா, பளபளப்பா? ஓரத்தில் எப்படி, நடுவில் எப்படி? வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தத் துண்டு சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு ரெக்கார்டு எழுதுவோம்.